அறிக்கைக்கு அப்பால் நிற்கும் செய்தி

திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தனர் என்று அரச தரப்பு முதலில் கூறியது. செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்து 'சுடர் ஒளி' பத்திரிகை வெளியிட்ட படங்களிலோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்லும் வழியில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர்.

செய்தித் துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கூறுவது இதைத்தான். ஆட்சியிலிருப்பவர் சொல்வதற்குப் பக்கத்தில், எவரும் சரிபார்க்கக்கூடிய இன்னொரு பதிவை வைப்பதே ஜனநாயகத்தில் ஊடகத்தின் வேலை. கருத்துக் கூறுவது அதற்குப் பிறகுதான்.

இன்று அந்த வேலை பெரும்பாலும் அச்சத்தால் அல்ல, சோம்பலாலும் வருமானக் குறைவாலுமே நின்றுபோகிறது. பிராந்தியச் செய்தியாளர் பலருக்குப் பிரசுரமாகும் செய்திக்கு இவ்வளவு என்றே கொடுப்பனவு கிடைப்பதால், மீனவர் இறங்குதுறைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று வாரக்கணக்கில் தேடி எழுதுவதும், திறப்பு விழாவில் நாடா வெட்டியதை, வெட்டியவரின் அலுவலகம் வாட்ஸ்அப்பில் அனுப்பியபடியே எழுதுவதும் கணக்கில் ஒன்றாகிவிடுகின்றன. (நாடா வெட்டும் படத்தில் ஒப்பந்தக்காரரின் பெயர் இருப்பதேயில்லை.)

செய்தியாளர் தேடாவிட்டாலும் வாசகர் தேடலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபையிலோ பிரதேச செயலகத்திலோ உள்ள தகவல் அலுவலரிடம் எந்தப் பிரசையும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுத்தில் பதிவது அலுவலரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். "வீதி ஏன் மோசமாக இருக்கிறது?" என்று கேட்பவருக்குப் பொதுவான சமாதானமே கிடைக்கும் என்பதால், எந்த வீதி, எந்த ஆண்டு, ஒப்பந்தத் தொகை, கொடுப்பனவுச் சான்றின் பிரதி என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி கோருங்கள். அதை இணைத்து 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் தீராவிடின் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். கிடைத்த ஆவணத்தின் பிரதியொன்றை உங்கள் ஊர்ச் செய்தியாளரிடமும் கொடுத்து வையுங்கள்.