ரத்தத்தில் ஏற்றினாலும் எலும்புக்குத்தான் போய்ச் சேரும்

சித்தூர்ப் பக்கம் இருக்கிற எங்களுக்கு வேலூர் ஆஸ்பத்திரி பழகிய இடம். அங்கே சி.எம்.சி.யில் 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் எலும்பைத் திறந்து எதையோ உள்ளே வைத்துத் தைப்பார்கள் என்றுதான் எங்கள் அத்தை ரொம்ப நாள் நினைத்திருந்தார். அப்படியெல்லாம் இல்லை. ரத்தம் ஏற்றுகிற மாதிரியே பையிலிருந்து ரத்தக்குழாய் வழியாக, ரத்த அணுக்களுக்கு மூலமான ஸ்டெம் செல்களை ஏற்றுவதோடு சரி, அப்புறம் அவை உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத் தாமாகவே எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வழி எப்படித் தெரிகிறது?

ஞாயிற்றுக்கிழமை களிக்குக் கறி வாங்கினால், குழம்பில் போடுவதற்கு முன்னால் காலெலும்பை உடைத்துப் பாருங்கள். நடுத்தண்டில் வெளிறிய கொழுப்பு. முனைப் பக்கம் எலும்பு பஞ்சு மாதிரி துளைத்துளையாக இருக்கும், அந்த இடுக்குகளில் சிவந்த மஜ்ஜை. பெரியவர்களான நமக்கும் சிவப்பு மஜ்ஜை முக்கியமாக இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா இவற்றில்தான். அங்கிருந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்கள் வருகின்றன.

இத்தனைக்கும் மூலமான ஸ்டெம் செல்கள் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். ஓயாமல் பிரிந்துகொண்டிருந்தால் டி.என்.ஏ.யில் பிழைகள் சேரும், செல்களும் சீக்கிரம் தீர்ந்துபோகும். அவற்றைத் தூங்க வைப்பது சுற்றியுள்ள இடம். எலியின் மண்ணீரலில் போய் ஒட்டிய செல்களுக்கு மஜ்ஜைச் செல்கள் அளவு வீரியம் இல்லாததைக் கவனித்த ஆய்வாளர் ராய் ஸ்கோஃபீல்ட், ஸ்டெம் செல் ஸ்டெம் செல்லாகவே நீடிக்க அதற்கென்று ஒரு குடியிருப்பு வேண்டும் என்று 1978-ல் எழுதினார்.

மஜ்ஜைக்குள் மெல்லிய சுவருள்ள ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, அவற்றைச் சுற்றி நீண்ட கைகளோடு வலை மாதிரி படர்ந்த செல்கள் இருக்கின்றன. இவை ஸ்டெம் செல் காரணி என்ற புரதத்தைச் சுரக்கின்றன. எலிகளில் இதை நிறுத்தியபோது ஸ்டெம் செல்களே குறைந்துபோயின. இவை சுரக்கிற இன்னொரு புரதம் சி.எக்ஸ்.சி.எல்.12. இதை உணரும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற ஏற்பி ஸ்டெம் செல்லின் மேல் இருப்பதால், வாசனை பிடித்து வருகிற மாதிரி அது மஜ்ஜைக்கு வந்து சேர்கிறது, வந்த பிறகு நகராமலும் இருக்கிறது. அத்தையின் சந்தேகத்துக்கு இதுதான் பதில்.

பிடி தளர்ந்தால் செல்கள் ரத்தத்துக்குள் வந்துவிடும். ஸ்டெம் செல் கொடுப்பவருக்கு ஜி-சி.எஸ்.எஃப் என்ற மருந்தை ஊசியாகப் போடுவது இதற்காகத்தான்: சில நாளில் மஜ்ஜையில் சி.எக்ஸ்.சி.எல்.12 குறைகிறது, வெளியே வந்த செல்களைக் கையில் உள்ள ரத்தக்குழாயிலிருந்தே எடுத்துவிடலாம். பிளெரிக்சஃபோர் என்ற மருந்து அந்த ஏற்பியையே அடைத்துவிடுகிறது. எச்.ஐ.வி.க்காகச் சோதித்துக்கொண்டிருந்த மருந்து அது! எச்.ஐ.வி.யும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 வழியாகச் செல்லுக்குள் நுழைய முடியும் என்பதால்தான் அந்தச் சோதனை.

மாற்று சிகிச்சைக்கு முன் கடுமையான மருந்து கொடுத்துப் பழைய செல்களைக் காலி செய்வார்கள். அந்த மருந்து மஜ்ஜையின் ரத்தக்குழாய்களையும் அடிக்கிறது, அவை தேறினால்தான் புதுச் செல்கள் சரியாக ஊன்றும். ஏற்றிய பிறகு இரண்டு மூன்று வாரம் ரத்தம் எடுத்து எடுத்து வெள்ளணு ஏறியதா என்று பார்க்கிறார்களே, அந்த நாட்களில் உள்ளே நடந்துகொண்டிருப்பது இந்தக் குடியேற்றம்தான்.