தாந்தேயின் படகில் விழுந்த விரிசல்

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ‘தாந்தேயின் படகு’ ஓவியத்தை, ஆயில் பெயின்டில் வேலை செய்பவர்கள் இரண்டு விஷயங்களுக்காகக் கவனிக்க வேண்டும். தண்ணீர்த் துளியை எப்படி வரைவது என்பது ஒன்று. அவசரப்பட்டால் வண்ணத்துக்கு என்ன ஆகும் என்பது இன்னொன்று.

1822 பாரிஸ் சலோன் கண்காட்சிக்காக பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலாக்ருவா வரைந்த படம் இது. அப்போது அவருக்கு 24 வயது நிறையும் தறுவாய். காட்சி இத்தாலியக் கவிஞர் தாந்தே நரகத்தைப் பற்றிப் பாடிய ‘இன்ஃபெர்னோ’வின் எட்டாம் பாடலில் வருவது. பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலும் தாந்தேயும் நரகத்தில் ஓடும் ஸ்டிக்ஸ் ஆற்றைக் கடக்கிறார்கள். படகோட்டி ஃபிளெகியாஸ் நமக்கு முதுகைக் காட்டியபடி துடுப்புப் போடுகிறான். பின்னால் நரகத்தின் டிஸ் நகரம் எரிகிறது. தண்ணீரில் கிடக்கும் பாவிகள் படகைத் தொற்றி ஏறப் பார்க்கிறார்கள். ஒருவன் அதன் விளிம்பைப் பல்லால் கடிக்கிறான்.

அந்த உடல்களில் வழியும் துளிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு துளிக்கு நான்கு வண்ணம். ஒளி பட்டு மின்னும் இடத்தில் வெள்ளை, துளியின் நீளத்துக்கு மஞ்சளும் பச்சையும், நிழலுக்குச் சிவப்பு. நான்கும் ஒன்றோடொன்று கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கலக்கும் வேலையைத் தள்ளி நிற்கும் நம் கண் செய்கிறது. ரூபன்ஸ் வரைந்த கடல்கன்னிகளின் உடலில் உள்ள துளிகளைப் பார்த்து டெலாக்ருவா கற்றது இது. இதைச் செய்து பார்ப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: அடியில் உள்ள தோல்நிறம் ஈரமாக இருக்கும்போதே துளியை வைத்துவிடுவார்கள். நான்கும் இழுபட்டுச் சேறாகிவிடும்.

சேறாவதாவது அப்போதே கண்ணுக்குத் தெரியும். டெலாக்ருவா செய்த தவறு தெரிய நாளாகும். சுமார் இரண்டரை மாதம், நாளுக்கு 12, 13 மணி நேரம் வேலை. 189 செ.மீ. உயரமும் 2.4 மீட்டர் அகலமும் உள்ள படத்துக்கு அது போதாது. கீழ் அடுக்கு காயும் முன்பே வார்னிஷ் தடவி, அதன்மேல் வரைந்துகொண்டே போனார்.

ஆயில் பெயின்டில் உள்ள ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. மேலே வார்னிஷ் மூடிவிட்டால் அடியில் இருப்பதற்குக் காற்று சரியாகப் போகாது. மேல் அடுக்கு முதலில் இறுகிச் சுருங்கும், கீழே இருப்பது இன்னும் மெத்தென்று நகரும். வெயிலில் கிடக்கும் ஏரிச்சேறு மாதிரி மேல்பரப்பு பிளக்கும். இந்த விரிசல் அகலமாக, விளிம்பு மழுங்கியதாக இருக்கும். இடுக்கில் அடி வண்ணம் தெரியும். வயதால் வரும் விரிசல் வேறு வகை: மயிரிழை போல மெலிசு, கூரான விளிம்பு, அடிப்பூச்சு வரை இறங்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்து, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

கண்காட்சித் தேதி நெருங்கும்போது இன்றைக்கும் இதே கதைதான். ஹேர் டிரையர் பிடித்தால் மேல் தோல் மட்டும் இறுகும், உள்ளே ஈரமாகவே இருக்கும். முதல் அடுக்கை டர்பன்டைன் அதிகம், எண்ணெய் குறைவாக வைத்துப் போடுங்கள். மேலே போகப்போக எண்ணெயைச் சிறிது கூட்டுங்கள். வண்ணத்தோடு கலக்கும், சீக்கிரம் காயும் அல்கிட் மீடியத்தை மெதுவாகக் காயும் அடுக்கின் மேல் போடாதீர்கள். அடியில் போடலாம். மெலிசாகப் பூசிய அம்பர் (umber) என்ற மண் பழுப்பு சில நாளில் தொட்டால் ஒட்டாது. ஐவரி பிளாக் என்ற கறுப்பும் அலிசரின் என்ற சிவப்பும் ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். தடித்த ஓரத்தில் நகத்தை அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் காத்திருங்கள். ஆயில் பெயின்டின் மேல் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், உரிந்து வரும்.

வண்ணம் உள்வாங்கி மங்கிப்போன திட்டைப் பார்த்ததும் வார்னிஷ் டப்பாவைத் தேடுவது பலருக்குப் பழக்கம். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த இடமென்றால், ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து மெலிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டாலே திட்டு எழுந்துவரும். கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு மூலையில் டர்பன்டைன் தொட்ட பஞ்சை லேசாக உருட்டிப் பாருங்கள். நிறம் ஒட்டினால் இன்னும் நாள் இருக்கிறது.

ஏற்கெனவே வெடித்த படத்தில் எண்ணெய் தேய்ப்பதோ, இடுக்கை வண்ணத்தால் அடைப்பதோ கூடாது. எண்ணெய் பழுப்பேறும், அடைத்த நிறம் சில வருடத்தில் தனித்துத் தெரியும். ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் படத்தைப் படுக்கவைத்து, முகம் மேலே இருக்கும்படி கன்சர்வேட்டரிடம் (ஓவியங்களைப் பழுதுபார்க்கும் நிபுணரிடம்) கொண்டுபோங்கள்.

‘தாந்தேயின் படகை’ அரசு 2000 ஃபிராங்க் கொடுத்து வாங்கி லக்ஸம்பர்க் அருங்காட்சியகத்தில் மாட்டியது. விரிசல்கள் பெருகியதால் 1860 பிப்ரவரியில் டெலாக்ருவா அதைப் பழுதுபார்க்க அனுமதி கேட்டார். கிடைத்ததும் தன் கையாலேயே சரிசெய்தார். வரைந்து முடித்து அப்போது 38 வருடம் ஆகியிருந்தது.