போட்டிக் கைத்துப்பாக்கியைச் சீர்செய்ய யாரிடம் கொடுக்கலாம்?

25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் விசையின் எடை, அதாவது டிரிகரை இழுத்து விழவைக்கத் தேவையான எடை, 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது. போட்டிக்கு முந்தைய கருவிச் சோதனையில் குழலைச் செங்குத்தாகப் பிடித்து, விசையின் நடுவே எடைக்கல்லை மாட்டித் தூக்கச் சொல்வார்கள். கல் எழும்புவதற்குள் விசை விழுந்துவிட்டால் துப்பாக்கி களத்துக்குள் போகாது. எனக்குத் தெரிந்த ஒரு வீராங்கனைக்கு மூன்று முயற்சியிலும் விசை விழுந்தது. ஊருக்குத் திரும்பியவர், யாரோ சொன்னார்கள் என்று, ஓய்வுபெற்ற ஆர்மரர் (படைகளில் துப்பாக்கிகளைப் பராமரிப்பவர்) ஒருவரின் வீட்டில் கைத்துப்பாக்கியைக் கொடுத்தார். பெரியவர் கைதேர்ந்தவர்தான், கெடு எண்ணமும் இல்லை. அவரிடம் இல்லாமல் போனது பழுதுபார்ப்பதற்கான உரிமம் ஒன்றே. வேறொரு விசாரணைக்காக அந்த வீட்டுக்கு வந்த காவலர்கள் மேசைமேல் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தார்கள். அது வழக்குச் சொத்தாகிப் போனது. அந்தப் பருவத்தின் போட்டிகள் அத்தனையும் அந்த வீராங்கனையின் கைவிட்டுப் போயின. தன் பெயரில் முறையான உரிமம் வைத்திருந்த ஒருவருக்கு இது நேர்ந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆயுதச் சட்டம், 1959-இன் 5-ஆவது பிரிவின்படி, உரிமம் இல்லாத எவரும் துப்பாக்கியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பதோடு, மாற்றியமைக்கவோ, பழுதுபார்க்கவோ, சோதித்துப் பார்க்கவோ கூடாது; பழுதுபார்ப்பதற்காகக் கையில் வைத்திருப்பதும் குற்றம். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. வாங்கிக்கொள்பவருக்கு அதை வைத்திருக்கும் தகுதி உண்டா என்று உறுதி செய்யாமல் ஒப்படைப்பவரையும் 29-ஆவது பிரிவு விட்டுவைக்கவில்லை. ஆகவே, லேத் பட்டறைக்காரர், பயிற்சியாளரின் நண்பர், பழைய ஆர்மரர் ஆகிய எவரிடமும், கைத்திறன் எவ்வளவு இருந்தாலும், உரிமம் இல்லாத நிலையில் கொடுக்காதீர்கள்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் மட்டும் சுடுபவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. 4.5 மி.மீ. துளையும் (குழலின் உள்விட்டம்) 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கியை வைத்திருக்க உரிமம் தேவையில்லை. கீழே வருவதெல்லாம் .22, .32 போன்ற தோட்டாத் துப்பாக்கிகளுக்கானது.

முதல் பொறி, கடையின் பெயர்ப்பலகை. துப்பாக்கிக் கடை என்றாலே பழுதும் பார்ப்பார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் விற்பனை வேறு, பழுதுபார்ப்பு வேறு, சோதனை வேறு, மாற்றியமைப்பு வேறு. கடையின் உரிமத்தில் எந்தெந்தச் செயல் குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதை மட்டுமே அவர்கள் செய்யலாம். எனவே திறமையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் பழுதுபார்ப்பு என்ற சொல்லையும், உரிமம் முடியும் தேதியையும், எந்த முகவரிக்கு வழங்கப்பட்டது என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். சுவரில் மாட்டிய நகல் பல ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கலாம். ‘புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம்’ என்று சொன்னால், கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கேளுங்கள். இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் கடையில் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

கடைக்காரர் காட்ட மறுத்தால் அலுவலகத்தில் கேட்கலாமே என்று தோன்றும். அங்கேதான் அலைச்சல் தொடங்குகிறது. மாநகரங்களில் காவல் ஆணையரும், மாவட்டங்களில் ஆட்சியரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால், கோப்பு காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இருக்கிறது என்பார்கள். அங்கே போனால், அது ஆட்சியர் அலுவலக விஷயம் என்பார்கள். இரண்டு இடத்திலும் கடைசியில் ‘கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று முடிப்பார்கள். நான்கு நாள் விடுப்பைக் கரைப்பதைவிட, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பக்க மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் விரைவு அஞ்சலில் அனுப்புவது மேல். 30 நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. கேள்வியைக் குறுக்கி எழுதுங்கள்: இந்த மாவட்டத்தில் துப்பாக்கி பழுதுபார்க்க நடப்பில் உரிமம் உள்ள நிறுவனங்கள் எவை என்பது போதும். தனி ஒருவரைப் பற்றிக் கேட்டால் மூன்றாம் நபர் விவரம் என்று தட்டிக்கழிக்க வழி பிறந்துவிடும்.

இரண்டாவது பொறி உங்கள் உரிமத்திலேயே இருக்கிறது. அது செல்லுபடியாகும் எல்லை எது என்ற கட்டத்தைப் பெரும்பாலோர் வாங்கிய நாளுக்குப் பிறகு படிப்பதே இல்லை. மாநிலத்துக்குள் மட்டும் என்று இருந்தால், பக்கத்து மாநிலத்தில் நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) இருக்கிறார் என்று பேருந்தில் ஏறும்போதே எல்லையைத் தாண்டும் குற்றம் உங்கள் மடியில் ஏறிவிடுகிறது. எல்லையை விரிவாக்க முதலில் விண்ணப்பியுங்கள். போட்டி அட்டவணை, மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் கடிதம், பங்கேற்புச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். ‘முடியாது’ என்று வாயால் சொல்வதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உரிமத்தை மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது 14-ஆவது பிரிவு. மேல்முறையீட்டுக்கு 18-ஆவது பிரிவு இருக்கிறது. எழுத்தில் தாருங்கள் என்று பணிவாகக் கேட்டதுமே பல கோப்புகளுக்குக் கால் முளைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, சீர்செய்தல் எங்கே முடிகிறது, மாற்றியமைத்தல் எங்கே தொடங்குகிறது என்பது. விசையின் எடையைச் சரிசெய்வது, தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவது, குறிமுள்ளை நேராக்குவது எல்லாம் பழுதுபார்ப்பு. குழலைக் குறுக்குவது அப்படியல்ல. அதற்கென 6-ஆவது பிரிவு தனியே இருக்கிறது, ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் 2019-இல் அதே பிரிவில் சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு 9 மி.மீ. குழல் பொருத்த முடியுமா என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அது தடைசெய்யப்பட்ட துளை. அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். உதிரிபாகமும் சட்டத்தின் பார்வையில் ஆயுதம்தான். வெளிநாட்டிலிருந்து குழலையோ விசைத் தொகுதியையோ இணையத்தில் தருவித்தால், அது சுங்கத்தில் நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், விற்றவர் அல்லர். பழுதுபார்க்கத் தயாரிப்பாளருக்கே துப்பாக்கியை அனுப்புவதென்றால் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் தனி அனுமதி வேண்டும்.

பளபளப்புக்கு ஆசைப்பட்டு நேர்கிற விபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். விசையைச் சரிசெய்யக் கொடுத்த இடத்தில், ‘கூடவே பாலிஷ் போட்டு புளூயிங் (உலோகத்துக்குக் கருநீலப் பூச்சு) செய்து தருகிறேன்’ என்பார்கள். உடற்பகுதியில் பொறித்த எண்ணின் ஓரம் ஒரு தேய்ப்பில் மழுங்கிவிடும். 5 என்பதும் 6 என்பதும் ஒன்றுபோலத் தெரியும். அடையாள எண்ணை அழிப்பது 8-ஆவது பிரிவின்படி குற்றம் என்பது மட்டுமில்லை, அழிந்த எண்ணுள்ள துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அதைச் செய்தார் என்றுதான் சட்டம் முதலில் கருதும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும். கொடுக்கும் முன் எண்ணைக் கிட்டத்தில் படம் எடுங்கள். மேற்பூச்சு வேலையை எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

அடுத்து ரசீது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. துண்டுச் சீட்டில் ‘பிஸ்டல் 1’ என்று எழுதித் தருவது ரசீது ஆகாது. கடையின் உரிம எண், உங்கள் உரிம எண், துப்பாக்கியின் தயாரிப்புப் பெயர், துளை, வரிசை எண், எந்தப் பாகத்தில் என்ன வேலை, கொடுத்த தேதி, திரும்பத் தரும் தேதி ஆகியவை முத்திரையோடு இருக்க வேண்டும். ஏனென்றால் வேலை நீளும். இரண்டு வாரம் என்றது ஏழு மாதம் ஆகும். அந்த இடைவெளியில் உரிமம் புதுப்பிக்கும் நாள் வரும், ஆய்வாளர் துப்பாக்கியை நேரில் காட்டச் சொல்வார். தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்கச் சொல்லி நிலையத்திலிருந்து அழைப்பு வரும். விளையாட்டு வீரர்களுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், சங்கத்தின் சான்றோடு அதை நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும். அன்று உங்கள் கையில் துப்பாக்கியும் இல்லை, ரசீதும் இல்லை என்றால், தொலைத்துவிட்டீர்கள் என்ற இடத்திலிருந்துதான் உரையாடல் தொடங்கும். உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும் என்ற தைரியத்தில் கடைசி ஆண்டில் துப்பாக்கியைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்; புதுப்பித்த பிறகு கொடுங்கள்.

கொண்டுபோகும்போது நீங்களே கொண்டுபோங்கள். கூரியர் வேண்டாம், தம்பியிடம் கொடுத்தனுப்புவதும் வேண்டாம். தோட்டா நீக்கிய துப்பாக்கி பூட்டிய பெட்டியில், அசல் உரிமம் சட்டைப்பையில்.

இத்தனைக்கும் பிறகு திறமையைப் பற்றி இரண்டு வார்த்தை. விசையைத் தொடுவதற்கு முன்பு, ‘எந்தப் போட்டிக்கு?’ என்று கேட்பவரே போட்டித் துப்பாக்கி தெரிந்தவர். சரியாக 1,000 கிராமில் நிறுத்திக் கொடுப்பதைப் பெருமையாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பழகப் பழக விசை இளகும், போட்டி முடிந்த கையோடும் எடை பார்ப்பார்கள். 1,040, 1,050 கிராம் என்று சற்று இடம் விட்டுக் கேளுங்கள். திரும்ப வாங்கும்போது கடை வாசலிலேயே குழலை நிமிர்த்தி, எடைக்கல்லை மாட்டி, பத்து முறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தோட்டா போட்டுச் சோதிப்பது உங்கள் சங்கத்தின் சுடுதளத்தில், உங்கள் கணக்கில் வாங்கிய தோட்டாவில் நடக்கட்டும். கடையின் பின்கட்டில் வேண்டாம்.