எடுக்க அட்டை வேண்டும், கொடுக்க வேண்டாம்

பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் வரும் காலை பஸ்ஸில் ஒரு நாள் பக்கத்து சீட்டில் ஒரு பையன். பள்ளிக்கூட உடுப்பு, மடியில் ஷொப்பிங் பையில் சுற்றிய தடித்த புத்தகம். அக்காவுக்குக் காய்ச்சலாம். இன்று கொடுக்காவிட்டால் தண்டப்பணமாம். அக்கா படிக்கும் கல்லூரி நூலகத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் அவன் ஸ்கூலுக்குப் போக வேண்டுமாம். "அக்காவோட கார்ட எடுத்துட்டு வரல. புத்தகத்த வாங்குவாங்களா அண்ணே?" என்று கேட்டான். வாங்குவார்கள் என்றேன். அவன் நம்பவில்லை.

நம்பாததில் நியாயம் இருக்கிறது. புத்தகம் எடுக்கும்போது அட்டை இல்லாமல் ஒரு பக்கத்தைக்கூடத் தரமாட்டார்கள். கொடுக்கும்போது மட்டும் யார் கொடுத்தாலும் சரியென்றால் எப்படி?

எடுக்கும்போது கருமபீடத்தில் இரண்டு முறை 'பீப்' கேட்கும். ஒன்று உங்கள் அட்டைக்கு, மற்றது புத்தகத்துக்கு. கணினி அந்த இரண்டு எண்களையும் சேர்த்து ஒரு வரி எழுதுகிறது: இன்ன எண் ஆளிடம் இன்ன எண் பிரதி, இன்ன திகதி வரை. கணினியைப் பொறுத்தவரை இரவல் என்றால் அந்த ஒரு வரிதான். உங்கள் பெயரோ புத்தகத்தின் தலைப்போ அதில் இல்லை. அவை வேறு பட்டியல்களில் இருக்கின்றன, எண்ணைக் கொடுத்தால் எடுத்துக் காட்டும். தோட்டத்துச் செக்ரோலை, அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவேட்டை, பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கும் ஆளுக்கு ஒரு நம்பர், நாளுக்கு ஒரு கட்டம்.

கொடுக்கும்போது ஒரே பீப்தான். ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்க முடியும். ஆகவே புத்தகத்தின் எண்ணை வைத்துத் தேடினால் திறந்திருக்கும் வரி ஒன்றே ஒன்றுதான் அகப்படும். அதை மூடினால் கணக்கு முடிந்தது. அட்டையை மட்டும் நீட்டினால் வேலைக்காகாது. உங்களிடம் நான்கு புத்தகம் இருக்கும், அதில் எந்த வரியை மூடுவது? எடுப்பதற்கு இரண்டு எண், கொடுப்பதற்கு ஒரு எண். நூலகக் கருமபீடத்தின் விசித்திரங்கள் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

அந்த எண் எங்கே இருக்கிறது? பின்னட்டையில் அச்சாகி வரும் பார்கோடில் இல்லை. அது ஐஎஸ்பிஎன் எனும் பதிப்பு எண், 13 இலக்கம், இலங்கைப் புத்தகமென்றால் 978 955 என்றோ 978 624 என்றோ தொடங்கும். ஒரே பதிப்பின் ஆயிரம் பிரதிகளுக்கும் ஒரே ஐஎஸ்பிஎன்தான். அதை வைத்து 'இந்தப் பிரதி யாரிடம்?' என்று கேட்க முடியாது. அதனால்தான் நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் தனியாக ஒரு எண் கொடுத்து, வேறொரு ஸ்டிக்கரை உள்ளேயோ அட்டையிலோ ஒட்டுகிறது. தாமாக ஸ்கேன் செய்து எடுக்கும் வசதி உள்ள இடங்களில் புதிதாக வருபவர்கள் பின்னட்டையைக் காட்டிவிட்டு, மெஷின் பழுதென்று நினைத்து நிற்பார்கள்.

ஸ்டிக்கரில் உள்ள கோடுகளைப் படிப்பது பெரிய வித்தையில்லை. நூலகங்களில் அதிகம் காணக்கூடிய ஒரு முறை கோட் 39. 1974இல் வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து கறுப்புக் கோடு, நடுவே நான்கு வெள்ளை இடைவெளி. இந்த ஒன்பதில் மூன்று மட்டும் அகலம், மற்ற ஆறும் ஒல்லி. எந்த மூன்று அகலம் என்பதை வைத்து எழுத்து எதுவென்று தெரியும். ஸ்கேனர் சிவப்பு வெளிச்சத்தை ஓட்டுகிறது. வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிக்கொள்ளும். திரும்பி வரும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தால் கோடுகளின் அகலம் கிடைத்துவிடும். கோடுகளைச் சிவப்பு மையில் அச்சடித்தால் என்னவாகும்? நம் கண்ணுக்கு அழகாகத் தெரியும், ஸ்கேனருக்கு வெறும் வெள்ளைத் தாள்.

இன்னொரு வேடிக்கை. பெரும்பாலான ஸ்கேனர்கள் கணினியிடம் தம்மைக் கீபோர்ட் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. யாரோ மின்னல் வேகத்தில் எண்களை அடித்து, கடைசியில் என்டரும் தட்டியதாகக் கணினி நினைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஸ்கேனர் பழுதானால் நூலகர் பதறுவதில்லை. எண்ணைக் கையால் அடித்தாலும் அதே வேலைதான்.

எங்கள் ஊர்ப்பக்கம் கையால் அடிக்கும் தேவை அடிக்கடி வரும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மூடுபனி ஜன்னலுக்குள் வந்து அலுமாரிக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஈரத்தில் ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பும், இங்க் ஜெட்டில் அச்சடித்திருந்தால் கோடுகள் ஒன்றோடொன்று கசியும். ஒல்லிக்கும் அகலத்துக்கும் வித்தியாசம் போய்விட்டால் ஸ்கேனர் வாய்திறக்காது. அப்போது கோடுகளுக்குக் கீழே உள்ள எண்ணைப் பார்த்து அடிக்க வேண்டும். அவசரத்தில் 56ஐ 65 என்று அடித்துவிட்டால்? வேறு யாரோ எடுத்த புத்தகத்தின் வரி மூடிப் போகும்.

இதற்கு ஒரு காவல் உண்டு: சோதனை இலக்கம். எல்லா நூலகமும் இதை வைத்திருப்பதில்லை, ஆனால் வைத்திருப்பது நல்லது. பிரதியின் எண் 004567 என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும்: 7 என்பது 14, அதன் இலக்கங்களைக் கூட்டினால் 5. அடுத்து 5 என்பது 10, கூட்டினால் 1. அடுத்தது 0. மற்ற இலக்கங்கள் 6, 4, 0 அப்படியே இருக்கட்டும். எல்லாம் சேர்ந்து 16. அடுத்த பத்தின் மடங்கான 20க்கு 4 தேவை. அந்த 4ஐக் கடைசியில் ஒட்டினால் 0045674. இப்போது யாராவது 0046574 என்று மாற்றி அடித்தால் கூட்டுத்தொகை 17 ஆகிவிடும், கடைசி இலக்கம் 3 ஆக இருந்திருக்க வேண்டும். கணினி ஏற்காது. ஐபிஎம் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவருடைய யோசனை இது. வங்கி அட்டை எண்களிலும் இதே கணக்குத்தான். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பிடித்துவிடும், 09ம் 90ம் மட்டும் அதன் கண்ணில் மண்ணைத் தூவிவிடும். ஏனென்று கேட்டால், 9ஐ இரட்டித்துக் கூட்டினாலும் 9தான், 0வும் 0தான்.

கணினிக்கு முந்திய முறையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒரு பை, அதற்குள் புத்தக அட்டை. வாசகரிடம் சின்ன உறை போன்ற டிக்கெட். எடுக்கும்போது புத்தக அட்டையை வாசகரின் உறைக்குள் செருகி, மரத் தட்டில் திகதி வாரியாக நிறுத்திவைப்பார்கள். இரண்டு எண்களின் திருமணம் இங்கே கையாலேயே நடக்கிறது. அப்புறம் புத்தகத்தின் முதல் தாளில் ஒட்டிய சீட்டில் ஊதா மையில் திகதி முத்திரை. அந்த முத்திரை வாசகருக்கு நினைவூட்டத்தான் என்று நீண்டகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் அது நூலகருக்கான விலாசம். புத்தகம் திரும்பி வந்தால், முத்திரையில் உள்ள திகதியைப் பார்த்து, தட்டில் அந்தத் திகதிக்குப் பின்னால் தேடினால்தான் உங்கள் உறை கிடைக்கும். சீட்டைக் கிழித்துவிட்ட புத்தகம் வந்தால் பாவம், ஆயிரக்கணக்கான உறைகளைத் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும்.

புதுப்பித்தல் என்பது கணினியில் அந்த ஒரே வரியின் திகதியை மட்டும் மாற்றுவது. புத்தகம் முன்னால் இருக்கத் தேவையில்லை. லயத்து வாசலில் சிக்னல் கிடைக்கும் மூலையில் நின்று போனிலேயே செய்துவிடலாம். ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதிய திகதியை எங்கிருந்து எண்ணுவது? பழைய திகதியிலிருந்தா, புதுப்பித்த நாளிலிருந்தா? 14 நாள் இரவலை 10ஆம் நாளில் புதுப்பித்தால் முதல் முறையில் 28ஆம் நாள் வரை கிடைக்கும், இரண்டாவதில் 24ஆம் நாள் வரைதான். இதை ஒவ்வொரு நூலகமும் தன் மென்பொருளில் தானே தீர்மானிக்கிறது. உங்கள் நூலகத்தில் எதுவென்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அநேகம் பேர் முன்கூட்டியே புதுப்பித்து நாலு நாளைத் தொலைக்கிறார்கள்.

திகதி எண்ணுவதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு தலைவலி போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. நூலகம் மூடியிருக்கும் நாளில் காலக்கெடு விழக்கூடாது, விழுந்தால் அடுத்த திறந்த நாளுக்குத் தள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைக் கணினி தானே அறியும். பௌர்ணமியை அறியாது. நிலா ஏறக்குறைய 29½ நாளுக்கு ஒருமுறை நிறைவதால் போயா ஒவ்வொரு வருடமும் வேறு திகதிகளில் வரும், சில வருடங்களில் 12க்குப் பதில் 13 வரும். ஆகவே யாராவது உட்கார்ந்து புது வருடத்து நாட்காட்டியைக் கணினிக்குள் ஏற்ற வேண்டும். மறந்துபோனால், பூட்டிய கதவுக்கு முன்னால் புத்தகத்தோடு ஒருவர் நிற்க, உள்ளே அவருக்குத் தண்டப்பணம் ஏறிக்கொண்டிருக்கும்.

புதுப்பிக்க மறுப்பதுதான் மாணவருக்கு அதிகம் கோபம் வரும் இடம். யாராவது அதே புத்தகத்துக்கு முன்பதிவு செய்திருந்தால் கணினி மறுத்துவிடும். நூலகரை முறைத்துப் பயனில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு பாடத்துக்கு நான்கு பிரதிகள், பருவம் 15 வாரம், அதாவது 105 நாள். இரவல் காலம் 14 நாளென்றால் ஒரு பிரதி ஏழரை முறை கைமாறும். ஒரு நாள்கூட அலுமாரியில் தூங்கவில்லை என்றாலும் நான்கு பிரதிக்கும் 30 பேர்தான். எல்லோரும் ஒருமுறை புதுப்பித்தால் 15 பேர். இரவலை ஒரு வாரமாக்கினால் 60 பேர். வகுப்பில் 60 பேர் இருந்தால் வேறு வழியே இல்லை, அல்லது இன்னும் பிரதிகள் வாங்கப் பணம் வேண்டும்.

'ஒரு வாரத்தில் எப்படிப் படிப்பது?' என்று கேட்கலாம். 1960களின் கடைசியில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக நூலகத்தில் மைக்கேல் பக்லண்ட் முதலானோர் இதை ஆராய்ந்தார்கள். இரவல் காலம் நீளமோ குட்டையோ, ஆட்கள் கெடு முடியும் தறுவாயில்தான் புத்தகத்தைக் கொண்டுவருகிறார்கள் என்று கண்டார்கள். படித்து முடித்த நாளுக்கும் கொண்டுவரும் நாளுக்கும் பெரிய சம்பந்தமில்லை. அதனால் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே காலம் என்பதை விட்டுவிட்டு, அதிகம் தேடப்படுபவற்றுக்கு மட்டும் காலத்தைக் குறைத்தார்கள். மாலையில் எடுத்து மறுநாள் காலையில் கொடுக்கும் 'ஓவர்நைட்' புத்தகங்களும் இதே யோசனையின் கடைசி எல்லைதான்.

வாசலில் நிற்கும் அலாரக் கம்பங்கள் உள்ள நூலகத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்து நடக்கும். புத்தகத்தின் முதுகுக்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய உலோகப் பட்டியில் இரண்டு வகை உலோகம் உண்டு. ஒன்று கம்பத்தின் காந்தப் புலத்துக்கு உடனே ஆடும், அந்த ஆட்டம்தான் அலாரத்தை எழுப்புகிறது. மற்றது பிடிவாதக்காரன். இரவல் தரும்போது பிடிவாதக்காரனுக்குக் காந்தம் ஏற்றிவிடுகிறார்கள். அவன் பக்கத்துக்காரனை ஆடவிடாமல் பிடித்துக்கொள்வான். திரும்பி வந்ததும் காந்தத்தை இறக்கிவிடுவார்கள். புத்தகத்தை வெளியே விடத்தான் காந்தம் ஏற்றுகிறார்கள் என்பது நாம் நினைப்பதற்கு நேர்மாறு.

இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் இந்த வரிகளையெல்லாம் எழுதும் மென்பொருள் 'கோஹா'. நியூசிலாந்தின் ஒரு சிறு நூலகத்துக்காக 1999இல் எழுதி, 2000 ஜனவரியில் ஓட விட்டது, இலவசம். சிங்களத்தில் கொஹா என்றால் குயில். ஆனால் மென்பொருளின் பெயர் நியூசிலாந்துப் பழங்குடியினரின் மாவோரி மொழிச் சொல், அன்பளிப்பு என்று பொருள், அதுவும் பதிலுக்கு ஒன்று திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்போடு கொடுப்பது. நூலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன நாட்களில் இதிலுள்ள 'ஒஃப்லைன்' வசதி கைகொடுக்கக்கூடியது: பேட்டரியில் ஓடும் மடிக்கணினியில் எண்களை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு, கரண்ட் வந்ததும் ஏற்றிவிடலாம். ஆனால் அந்த நேரத்தில் முன்பதிவு இருக்கிறதா, தண்டம் பாக்கியா என்று பார்க்க முடியாது. எண்ணை எழுதிக்கொள்ளும், கேள்வி கேட்காது.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். படிக்கும் காலத்தில் மூன்று புத்தகங்களை ஒன்றாகக் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். இரண்டு பீப் கேட்டது. மூன்றாவதைக் கேட்டேனா என்று இன்றுவரை தெரியாது. ஒரு மாதம் கழித்து என் பேரில் தண்டப்பணம். "சரி, வாங்க தேடிப் பார்ப்போம்" என்றார் கருமபீடத்து மிஸ். 372ஆம் இலக்கத் தட்டில், கல்வி நூல்களுக்கு நடுவே, அது சாதுவாக நின்றுகொண்டிருந்தது. கணினிக்கு அது என்னிடம், அலுமாரிக்கு அது தன்னிடம். அவர் ஸ்கேன் செய்ததும் பீப் வந்தது, அன்றைய திகதி வரைக்கும் தண்டமும் கூடி வந்தது. திரும்பிய நாளைப் பின்தேதியிட்டுப் போடும் ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது.

அதனால் பஸ்ஸில் அந்தப் பையனிடம் சொன்னேன்: கார்ட் வேண்டாம், ஆனால் பீப் கேட்கும் வரைக்கும் நில்லு, திரையில் அக்காவின் பட்டியலிலிருந்து அந்தப் புத்தகத்தின் பெயர் போய்விட்டதா என்று கேள். தலையாட்டினான். டிக்கோயா தாண்டியதும் ஜன்னலால் சாரல் அடிக்கத் தொடங்க, புத்தகத்தை என் பக்கமாக மாற்றி வைத்துக்கொண்டான்.