மிராசுதார்: காணியாளரா, பண்ணையாரா?

தஞ்சை வட்டாரத்துப் பழைய பத்திரங்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் மிராசுதார். மரபுரிமையைக் குறிக்கும் ‘மீராஸ்’ என்ற அரபுச் சொல்லோடு, உடையவர் என்று பொருள்படும் பாரசீக ‘தார்’ சேர்ந்தது. ஜமீன்தார், தாசில்தார் எல்லாம் இதே வார்ப்பு. பங்குதாரர் என்பதில் பங்கு நம்முடையது, வால் மட்டும் பாரசீகம். அதை யாரும் கவனிப்பதில்லை.

மராட்டியர் காலத் தஞ்சையில் புழங்கிய இச்சொல், 1799-இல் நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போன பிறகு வருவாய்க் கணக்குகளில் நன்றாக வேரூன்றியது. மராட்டிய நாட்டிலோ பரம்பரை உரிமையோடு தானே உழுத குடியானவரும் மிராசுதார்தான். காவிரிக் கரையில் அது ஏர் பிடிக்காதவரின் பட்டமானது.

மிராசுக்குத் தமிழ்ச் சொல் என்ன? காணியாட்சி, அதை உடையவர் காணியாளர். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு உரிமை பற்றி 1818-இல் வெளியான தம் விடைகளில் மிராசையும் காணியாட்சியையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார். சோழர் கல்வெட்டுகளில் காணி என்பது வழிவழியாக வரும் நில உரிமை. (1/80 என்ற பின்னமும் காணிதான், ஒரு நில அளவும் காணிதான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஊர் நிலம் பல காணியாளருக்குப் பங்குகளாக இருக்கும். பங்குகளை அவ்வப்போது மாற்றிக்கொண்டால் அது பசுங்கரை. நிலையாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. ஆக, காணியாளர் என்றாலே ஊரில் ஒரு பங்குக்காரர். பெரும் பரப்புக்கு வரி தண்டி அரசுக்குக் கட்டிய ஜமீன்தாரோடு அவரைச் சேர்ப்பது தவறு.

ஆனால் இருபதாம் நூற்றாண்டில் ‘மிராசுதார் வீடு’ என்று ஊரார் சொன்னபோது நினைத்தது இந்தப் பங்குக்காரரையா? இல்லை. பல வேலி நிலம், அதாவது வேலிக்கு 20 மா, ஏறக்குறைய 6⅔ ஏக்கர் என்ற கணக்கில், வைத்திருந்தவரைத்தான். அரசே நில உடைமையாளரிடம் நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில் தனித்தனிப் பட்டா வந்ததும் ஊர்ப்பங்கு தனிச்சொத்தாகிப்போனது. அந்த ஆளுக்குப் ‘பண்ணையார்’ என்ற சொல்லே பொருந்தும் என்பது என் கட்சி. உரிமையைச் சொன்னால் காணியாட்சி, ஆளைச் சொன்னால் பண்ணையார். அகராதிகள் ஒரே வரியில் இரண்டையும் அடைப்பதால்தான் வினை.

கல்வெட்டிலேயே இன்னொரு சொல் உண்டு: ‘குடிநீக்கி’. ஏற்கெனவே உழுதவர்களை விலக்கிவிட்டுக் கொடுத்த கொடை. காணி ஒருவருக்கு வரும்போது இன்னொருவர் வெளியேறியதும் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. காணியே இல்லாமல் சேற்றில் இறங்கியவர் பண்ணையாள். அவருக்கும் குத்தகைதாரருக்கும் 1952-இல் தஞ்சாவூருக்கென்றே பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பிலும் குத்தகைதாரருக்கு ஆங்கிலச் சொல் உண்டு. பண்ணையாள் மட்டும் பண்ணையாளாகவே நிற்கிறார்.