கூடுதலாகப் போட்ட சம்பளத்தைத் திருப்பிக் கேட்டால்: கையொப்பம் வைக்கும் முன்

கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை, வவுனியாவில் லீசிங் கம்பனிக் கிளை, முல்லைத்தீவில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் என்று வேலை எங்கே என்றாலும் கடிதம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வருகிறது. "தங்களுக்குச் சில மாதங்களாகத் தவறுதலாகக் கூடுதல் கொடுப்பனவு செய்யப்பட்டுள்ளது. அத்தொகை அடுத்த சம்பளத்தில் கழிக்கப்படும்." பெரும்பாலும் ஆங்கிலத்தில், கொழும்புத் தலைமையகத்திலிருந்து. அடியில் கையொப்பம் இட ஒரு கோடு. "சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி, போட்டுட்டுப் போங்கோ" என்பார் எச்.ஆர். காரர்.

போட வேண்டாம், அன்றைக்கு மட்டுமாவது. "வாசித்துவிட்டுத் தருகிறேன், ஒரு பிரதி தாருங்கள்" என்று வாங்கி வாருங்கள்.

முதலில் கசப்பான பக்கத்தைச் சொல்லிவிடலாம். உண்மையிலேயே பிழையாக வந்த காசு என்றால் அது உங்கள் காசு அல்ல. தவறுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை இலங்கையில் வழங்கும் உரோம டச்சுச் சட்டத்தில் உண்டு. "அவங்கட பிழைக்கு நான் ஏன் கட்ட வேணும்" என்ற நியாயம் தேநீர்க் கடையில் எடுபடும், நீதிமன்றத்தில் எடுபடுவது கஷ்டம்.

ஆனால் கடன் இருப்பது வேறு, அதைக் கடன் கொடுத்தவர் தானே பிடுங்கிக்கொள்வது வேறு. தனியார் துறையில் பெரும்பாலானோர் இரண்டு சட்டங்களில் ஒன்றுக்குள் வருவார்கள். கடை, அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம். தொழிற்சாலை, ஆலை போன்றவற்றில் இருப்பவர்களுக்கு 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: சட்டம் அனுமதித்த கழிவை மட்டும், அதுவும் ஊழியரின் சம்மதத்தோடு மட்டுமே சம்பளத்தில் கழிக்கலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) பிடிக்கும் 8 வீதம் போலச் சட்டமே கட்டாயமாக்கியவை இதற்கு விலக்கு. சம்மதம் கொடுத்தாலும் ஒரே மாதத்தில் முழுச் சம்பளத்தையும் பிடித்துவிட முடியாது. மொத்தக் கழிவுக்கும் உச்ச எல்லை இருக்கிறது.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருவோம். அதில் போடும் கையொப்பம்தான் அந்தச் சம்மதம். அது மட்டுமல்ல, தொகை சரி என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதாகவும் ஆகும். இந்த மாதிரிக் கோரிக்கைக்கு வழக்குப் போடும் காலம் பொதுவாக 3 ஆண்டு. எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் அந்தக் காலம் புதிதாக ஓடத் தொடங்கும். சில இடங்களில் வாக்குறுதிப் பத்திரம் (இவ்வளவு காசு தருவேன் என்று எழுதிக் கையொப்பமிடும் பத்திரம்) கேட்பார்கள், இன்னும் சில இடங்களில் முத்திரை ஒட்டிய வெறும் தாளை நீட்டுவார்கள். வாக்குறுதிப் பத்திரம் கையில் இருந்தால் சுருக்க நடைமுறையில், அதாவது வழக்கமானதைவிட விரைவான வழியில், வழக்குப் போடலாம். பிறகு "கணக்கு பிழை" என்று வாதாட உங்களுக்குத்தான் பாடு. வெறும் தாளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

அடுத்தது கணக்கு. எந்த மாதம், எந்தக் கொடுப்பனவு, எவ்வளவு வர வேண்டியது, எவ்வளவு வந்தது என்று மாத வாரியாக எழுத்தில் கேளுங்கள். தொகை அநேகமாக இங்கேதான் குறையும். ஓர் உதாரணம்: அடிப்படைச் சம்பளத்தில் மாதம் 4,000 ரூபா பிழையாகக் கூட்டி 8 மாதம் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 32,000. இதில் 8 வீதம், அதாவது 2,560 ரூபா, உங்கள் பங்காகச் சேமலாப நிதிக்குப் போயிருக்கும். கைக்கு வந்தது 29,440தான். நிறுவனம் தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈ.டி.எஃப்.) 3 வீதமும் கட்டியிருக்கும், அது 4,800. எல்லாவற்றையும் கூட்டி 36,800 என்று கடிதம் வந்தால் கைக்கு வந்ததைவிட 7,360 ரூபா கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். நிதியத்துக்குப் போன காசு உங்கள் பெயரில்தான் இருக்கிறது, உண்மை. ஆனால் அதை இப்போது எடுத்துக் கொடுக்க உங்களால் முடியாது. அதைச் சரிக்கட்டுவது நிறுவனமும் நிதியமும் பேசித் தீர்க்க வேண்டிய காரியம் என்று எழுதுங்கள். மேலதிக நேரக் காசில் வந்த பிழை என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்குச் சேமலாப நிதி பிடிப்பதில்லை.

பிழை என்கிறார்களே, அது பிழைதானா என்பதையும் பாருங்கள். தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. "கூடுதல்" என்று சொல்லும் தொகையைக் கழித்த பிறகு அந்தந்த மாதத்துக்குரிய அளவுக்குக் கீழே போகிறதென்றால், கூடுதல் கொடுத்ததாகச் சொல்வதே பிழை. நியமனக் கடிதத்தையும் சம்பள உயர்வுக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழிவுக்கு முன்கூட்டியே சம்மதம் கொடுத்த வாசகம் நியமனக் கடிதத்தில் இருக்கிறதா என்பதும் அப்போது தெரியும்.

கணக்கு சரி என்று தெரிந்தால் இழுத்தடிப்பதில் பயனில்லை. தவணைக்குக் கேளுங்கள். பிள்ளையின் பள்ளிச் செலவு, வங்கிக் கடன், வயல் செலவுக்கு வைத்த நகை எல்லாம் சம்பளத்தை நம்பித்தான் ஓடுகின்றன. இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். இப்படி எழுதலாம்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. மாத வாரியான கணக்கைப் பார்த்ததில் என் கைக்குக் கூடுதலாக வந்த தொகை 29,440 ரூபா எனக் காண்கிறேன். பிழை என் பக்கத்தில் ஏற்பட்டதல்ல. மாதம் 2,000 ரூபா வீதம் கழிப்பதற்கு மட்டும் சம்மதிக்கிறேன். இதைவிடக் கூடுதலாகக் கழிக்க எனக்குச் சம்மதமில்லை."

தமிழில் எழுதினால் போதும். திகதி போட்டு, ஒரு பிரதியில் "கிடைத்தது" என்று ஒப்பம் வாங்கி வையுங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

கேட்காமலே பிடித்துவிட்டார்களா? சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்று, கடிதங்கள் ஆகியவற்றின் பிரதிகளோடு தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். வவுனியாவில் அதன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்கள். "காசைக் கட்டு, இல்லாவிட்டால் ராஜினாமா எழுது" என்று நெருக்கினால் ராஜினாமா எழுத வேண்டாம். வேலையிலிருந்து நிறுத்தினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம்; அந்தத் தேதியைத் தவறவிட்டால் கதவு அடைபட்டுவிடும். சட்டத்தரணிக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்டுப் பாருங்கள்.

வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடையில் (கிராஜுவிட்டி) பிடிப்பதாகச் சொல்வதும் உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உரித்து. மோசடி, கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம், பொருள் இழப்பு போன்றவற்றுக்காக நீக்கப்பட்டவர்தான் அந்த இழப்பின் அளவுக்கு அதை இழப்பார். கணக்கர் தட்டச்சில் விட்ட பிழை இதற்குள் வராது.

பொலிசுக்குப் போவோம் என்ற மிரட்டலுக்கும் ஒரு வார்த்தை. நிறுவனத்தின் பிழையால் வந்து, தெரியாமல் செலவான காசு சிவில் விவகாரம். ஆனால் 50,000 சம்பளக்காரரின் கணக்கில் ஒரு நாள் 5 இலட்சம் விழுந்து, அவர் தெரிந்துகொண்டே அதை எடுத்துச் செலவழித்தால் கதை வேறு. நேர்மையற்ற கையாடல் என்று குற்றவியல் பக்கம் இழுக்க இடமுண்டு. அப்படி விழுந்தால் அன்றைக்கே எழுத்தில் அறிவியுங்கள். பொலிசில் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால் தமிழில் பதியச் சொல்லுங்கள், வாசிக்க முடியாத மொழியில் இருப்பதற்கு ஒப்பம் வைக்காதீர்கள்.

அரச ஊழியருக்கு மேலே சொன்ன தொழில் திணைக்கள வழி இல்லை. ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர் போன்றோருக்குச் சம்பள மாற்றத்திலோ, வினைத்திறன் தடை (சேவையில் முன்னேறத் தாண்ட வேண்டிய பரீட்சை) தாண்டல் பிந்தியதிலோ வந்த பிழை பல ஆண்டு கழித்துக் கணக்காய்வில் கிளம்பும், சிலருக்கு ஓய்வூதியக் கோப்பு போகும் நேரத்தில். காசைத் திரும்பப் பிடிக்கும் இந்த மீட்பு, அரச சேவைக்கான விதிகளான தாபன விதிக்கோவை, நிதிப் பிரமாணங்கள் ஆகியவற்றின்படி நடக்கும். தவணை கேட்பதும் எழுத்தில் மேன்முறையிடுவதும் இங்கும் செய்யக்கூடியவைதான். ஒரு வசதி கூடுதலாக இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சம்பள மாற்றப் படிவம், கணக்காய்வு வினா, கணிப்புத் தாள் ஆகியவற்றின் பிரதிகளைத் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டால், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மேன்முறையீட்டை அந்தத் தாள்கள் கைக்கு வந்த பிறகு எழுதுவது நல்லது. இடையில் கழிக்கத் தொடங்கிவிடாமல் இருக்க, தகவல் கேட்டிருக்கிறேன், அதுவரை மீட்பை நிறுத்தி வையுங்கள் என்று சம்பளப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள்.