போர்ட் பண்ணுவதற்கு முன் அடுப்படியில் நின்று பாருங்கள்

"தம்பி, நம்ம ஏரியாவுல எந்த சிம்மு நல்லா எடுக்குது?" நான் மொபைல் டவர் வேலையில் இருப்பவன் என்று தெரிந்ததும் கல்யாண வீட்டிலும் கேட்கிறார்கள், டீக்கடையிலும் கேட்கிறார்கள். மதுரை முழுமைக்கும் பொருந்துகிற ஒரு பதில் இதற்குக் கிடையாது. ஒத்தக்கடையில் ஜோராக எடுக்கிற சிம், ஆனைமலைக்கு அந்தப் பக்கம் போனால் திணறலாம். அவ்வளவு பெரிய பாறையைத் துளைத்துக்கொண்டு அலை வராது. நாகமலை அடிவாரத்து ஊர்களிலும் இதே பாடுதான். எந்தக் கம்பெனியின் டவர் மலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று அவசரமாக போர்ட் பண்ணி, அதாவது அதே எண்ணை வைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறி, மாட்டிக்கொள்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஒரு கம்பெனிக்கு மாறினால் 90 நாள் முடிந்த பிறகுதான் அடுத்ததற்கு மாற முடியும். அங்கேயும் டவர் எடுக்கவில்லை என்றால் மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பழைய சிம்மில் மிச்சமிருக்கும் பேலன்ஸும் கூட வராது.

கீழக்குயில்குடிப் பக்கம் ஓர் அக்கா வீடு. மகன் திருப்பூரில் வேலை. அவன் கூப்பிட்டால் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓட வேண்டும். அவர் போனில் செட்டிங்ஸுக்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தைத் திறந்து பார்த்தோம். வாசல் வேப்பமரத்தடியில் மைனஸ் 94. அடுப்படியில் மைனஸ் 117. மைனஸுக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூட சிக்னல் மோசம். பத்து கூடினால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். வாசலில் கிடைத்ததில் நூற்றில் ஒரு பங்குகூட அடுப்படிக்கு வரவில்லை. மேலே தகரக் கூரை, சுற்றிலும் கனத்த சுவர். வேறு கம்பெனி சிம் வைத்திருந்த மருமகனின் போனை அதே அடுப்படி மேடையில் வைத்தோம். மைனஸ் 102. அந்த அக்கா தயங்காமல் மாறலாம் என்று அப்புறம்தான் சொன்னேன்.

நீங்களும் இப்படியே செய்யுங்கள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களின் போனை வாங்கி, நீங்கள் படுக்கும் அறையில், கடை கல்லாவில், தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்துப் பாருங்கள். இரண்டு சிம் போடும் போன் என்றால், மாற நினைக்கிற கம்பெனியில் குறைந்த ரீசார்ஜில் புது சிம் ஒன்றை வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. எங்கெங்கே சேவை கிடைக்கும் என்று வரைபடம் வெளியிட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி; கம்பெனிகளின் இணையதளத்தில் அது இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுச் சுவரும் தகரமும் அந்த வரைபடத்துக்குத் தெரியாது.

போனில் சிக்னல் கோடு முழுசாக இருந்தும் போன் போகாவிட்டால் அது வேறு நோய். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் நின்றவர்களுக்குத் தெரியும்: டவர் இருக்கும், கூட்டத்தில் லைன் கிடைக்காது. சில ஏரியாக்களில் தினமும் ராத்திரி இந்த நெரிசல் வருகிறது. அதனால் காலையில் மட்டும் சோதித்து ஏமாறாதீர்கள், இரவு எட்டு மணிக்கு மேலும் பாருங்கள்.

மாறாமலே தீர்கிற வீடுகளும் நிறைய. மாசி வீதிகளின் பழைய கனத்த சுவர் வீடுகளில் பிராட்பேண்ட் இருந்தால், போனில் வைஃபை காலிங்கை, அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசும் வசதியை, ஆன் செய்தாலே போதும். 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் 5ஜி சுவருக்குள் சட்டென்று பலவீனப்படும். வீட்டுக்குள் 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள். 700, 850, 900 போன்ற குறைந்த அலைவரிசைகள்தான் தூரமும் போகும், உள்ளேயும் நுழையும்.

போனையும் கவனியுங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் தாத்தாவின் பழைய பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. பிஎஸ்என்எல் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துகிறது. உங்கள் போனில் அந்த அலைவரிசையைப் பிடிக்கிற 'பேண்ட் 28' இருந்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும். அப்புறம், கடையில் விற்கும் சிக்னல் பூஸ்டர் வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாமல் வைப்பது சட்டவிரோதம், தெருவுக்கே சிக்னலைக் கெடுக்கும்.

முன்பு நன்றாக எடுத்தது திடீரென்று கெட்டுப்போனால் முதலில் 198க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். டவரில் ஏதாவது பழுதாக இருக்கலாம். சரியாகவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

சரி, மாறுவதென்று முடிவாகிவிட்டதா? PORT என்று அடித்து, இடம் விட்டு, உங்கள் எண்ணைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துக் குறியீடு வரும்; புதுக் கம்பெனியிடம் விண்ணப்பிக்க அது வேண்டும். நான்கு நாள்தான் செல்லும். போஸ்ட்பெய்டு பாக்கி இருந்தாலோ, சிம் மாற்றி ஏழு நாள் ஆகாவிட்டாலோ கிடைக்காது. போனில் யார் கேட்டாலும் அந்தக் குறியீட்டைச் சொல்லாதீர்கள். உங்கள் எண்ணையே கொண்டுபோக அது உதவும். தமிழ்நாட்டுக்குள் மூன்று வேலை நாளில் முடிந்துவிடும், அதுவரை பழைய சிம்மே ஓடும். மாறும்போது சில மணி நேரம் எதுவும் எடுக்காது. வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் அவர்கள் திரும்பி வந்த பிறகு விண்ணப்பியுங்கள்.